சீட்டு யார் பெயரில் விழுந்தது?

1884 செப்டம்பர் 6. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள ஃபால்மத் துறைமுகத்துக்கு மாண்டெசூமா என்ற ஜெர்மானியப் பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. நடுக்கடலில் அது காப்பாற்றிய மூன்று ஆங்கில மாலுமிகள் கரையிறங்கினார்கள். கப்பலை இழந்து திரும்புகிறவர்கள் அதிகாரிகளிடம் வாக்குமூலம் தரவேண்டும் என்பது சட்டம். கேப்டன் டாம் டட்லி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தங்களோடு படகில் இருந்த பதினேழு வயதுப் பையனைப் பேனாக்கத்தியால் கொன்றதையும், அவன் உடலை உண்டு உயிர் பிழைத்ததையும் அவர் ஒளிக்கவில்லை. சொல்லி முடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே எதிர்பார்த்தார். கைது செய்தார்கள்.

அவர்கள் இழந்த மின்யோனெட் ஓர் உல்லாசப் படகு. ஆஸ்திரேலிய வழக்கறிஞர் ஒருவர் விலைக்கு வாங்கியிருந்த அதைச் சிட்னியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை டட்லி ஏற்றிருந்தார். உடன் எட்வின் ஸ்டீவன்ஸ், எட்மண்ட் புரூக்ஸ், எடுபிடி வேலைக்கு ரிச்சர்ட் பார்க்கர். மே மாதம் சவுத்தாம்டனிலிருந்து புறப்பட்டவர்களை ஜூலை 5 அன்று தென் அட்லாண்டிக்கில் ஒரு பேரலை தாக்கியது. நன்னம்பிக்கை முனையிலிருந்து சுமார் 1,600 மைல் தொலைவில், 13 அடி நீளமுள்ள ஒரு சிறு படகில் நால்வரும் மிதந்தார்கள். கையில் இருந்தவை டர்னிப் கிழங்கு அடைத்த இரண்டு தகரடப்பாக்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. நான்காம் நாள் ஓர் ஆமை கிடைத்தது. அதுவும் தீர்ந்த பிறகு பார்க்கர் தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்துப் படகின் அடியில் சுருண்டு கிடந்தான். சீட்டுப் போடலாம் என்று டட்லி சொன்னபோது புரூக்ஸ் மறுத்துவிட்டார். எங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. பார்க்கர் தாய் தந்தை இல்லாத பையன். இருபதாம் நாள் டட்லி அவனைக் கொன்றார், ஸ்டீவன்ஸ் உடன்பட்டார். அதன்பின் நான்காம் நாள் கப்பல் வந்தது.

இத்தகைய சம்பவங்களைக் கேட்டதும் மனம் முதலில் போய் முட்டிக்கொள்வது, தின்றார்கள் என்ற இடத்தில். குமட்டல் அங்கேதான் எழுகிறது. ஆனால் பட்டினியில் நேர்ந்த நரமாமிச நிகழ்வுகளின் வழக்குப் பதிவுகளையும் பிழைத்தவர்களின் குறிப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அறத்தின் முடிச்சு அதற்கு முன்பே விழுந்துவிடுவது தெரியும். இறந்தவர் எப்படி இறந்தார்? முடிவை யார் எடுத்தார்கள்? எடுத்தவர்களுக்கு இறந்தவர் என்ன முறை வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கான விடை மாறும்போது ஒரே செயலின் பொருளும் மாறிவிடுகிறது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

டட்லி, ஸ்டீவன்ஸ் மீதான குற்றச்சாட்டு கொலை மட்டுமே. மனித இறைச்சி உண்பதைக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்தில் இருக்கவில்லை. புரூக்ஸ் அரசுத் தரப்புச் சாட்சியானார். துறைமுக மக்களின் அனுதாபம் முழுக்கக் குற்றவாளிகள் பக்கம் இருந்தது. மாலுமியான பார்க்கரின் அண்ணனே நீதிமன்றத்தில் அவர்களிடம் கைகுலுக்கினார். கடலில் வேறு வழியற்றுப் போனால் சீட்டுப் போட்டு ஒருவரைப் பலிகொடுப்பது மாலுமிகளுக்குள் நெடுங்காலம் நிலவிய வழக்கம். அது தங்களைக் காக்கும் என்று டட்லி நம்பியதில் வியப்பில்லை.

எக்ஸெட்டரில் கூடிய ஜூரிகள் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், நடந்த உண்மைகளை மட்டும் வரையறுத்துக் கொடுத்தார்கள். பையனை உண்டிராவிட்டால் மற்ற மூவரும் பெரும்பாலும் செத்திருப்பார்கள்; பையன் அவர்களுக்கு முன்பே இறந்திருக்கக்கூடும். இரண்டையும் ஏற்றுக்கொண்ட பிறகும் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு டிசம்பர் 9 அன்று இது கொலைதான் என்றார். தேவை என்ற வாதத்தை ஏற்றால் அந்தத் தேவையை யார் அளப்பது, ஓர் உயிரின் மதிப்பை இன்னோர் உயிரோடு எந்தத் தராசில் நிறுப்பது என்று கேட்டார். இருந்தவர்களிலேயே இளையவனும் எதிர்க்கத் திராணியற்றவனுமான ஒருவனைத்தான் தேர்ந்திருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினார். வளர்ந்த ஆண்களில் ஒருவரைக் கொல்வதைவிட அவனைக் கொல்வது எந்த வகையில் கூடுதல் அவசியம் என்பதும் அவர் கேள்வி. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. சட்டம் தன் கோட்டை அழுத்தமாக வரைந்துகொண்டு, மனிதர்களை விட்டுவிட்டது. டட்லி பின்னர் சிட்னியில் குடியேறி, 1900இல் அந்நகரைத் தாக்கிய பிளேக்கில் இறந்தார்.

பார்க்கரின் பெயர் இலக்கியத்தில் தொடர்ந்து மிதக்கிறது. எட்கர் ஆலன் போ 1838இலேயே எழுதிய ஒரு நாவலில், சீட்டில் தோற்று உணவாகும் மாலுமியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர்; மின்யோனெட் மூழ்க இன்னும் 46 ஆண்டுகள் இருந்தன. யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலில் பாண்டிச்சேரிப் பையனோடு படகில் பயணிக்கும் புலிக்கும் அதே பெயர். அந்நாவலின் இறுதியில் பை சொல்லும் இரண்டாவது கதையில் விலங்குகள் இல்லை. படகில் மனிதர்கள் மட்டுமே, அவர்களுள் ஒரு சமையல்காரன்.

குலுக்கலின் நடுநிலை

சீட்டுக் குலுக்கலில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா உயிரும் சமம் என்று ஒப்புக்கொண்டு, முடிவை மனிதர் கையிலிருந்து பிடுங்கித் தற்செயலிடம் கொடுக்கிறது அது. 1841இல் வில்லியம் பிரவுன் என்ற கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது, உயிர்காப்புப் படகின் பாரத்தைக் குறைக்க மாலுமிகள் பயணிகளைக் கடலில் தள்ளினார்கள். மறு ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி, பயணிகளைக் காப்பது மாலுமிகளின் கடமை என்றும், சமநிலையில் உள்ளவர்களுக்கு இடையே தேர்வு தேவைப்பட்டால் சீட்டே வழி என்றும் சொன்னார்.

நடைமுறை வேறு. எஸ்ஸெக்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் 1820 நவம்பர் 20 அன்று பசிபிக் பெருங்கடலில் ஒரு திமிங்கிலம் முட்டியதால் மூழ்கியது. இருபது பேர் மூன்று படகுகளில் ஏறினார்கள். மேற்கே காற்றோடு போனால் எட்டக்கூடிய தீவுகள் இருந்தன. அங்கே மனிதரைத் தின்பவர்கள் இருப்பார்கள் என்ற பயத்தில் பல ஆயிரம் மைல் தொலைவிலுள்ள தென்னமெரிக்காவை நோக்கித் திரும்பினார்கள். கடைசியில் தங்கள் தோழர்களில் ஏழு பேரின் உடல்களை உண்ண நேர்ந்தது. முதலில் உணவான நால்வரும் கறுப்பின மாலுமிகள். யாரும் அவர்களைக் கொல்லவில்லை, பட்டினியில் இறந்தார்கள். கப்பலில் இருந்த கறுப்பினத்தவர் ஒருவர்கூடப் படகுகளிலிருந்து உயிரோடு கரை சேரவில்லை என்ற உண்மை, இறப்பில் தற்செயலின் பங்கு எவ்வளவு, அதற்கு முன்பு வாழ்ந்த வாழ்வின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை எழுப்பாமல் விடுவதில்லை.

அதன்பின் கேப்டன் பொலார்டின் படகில் சீட்டுப் போட்டார்கள். விழுந்தது ஓவன் காஃபின் பெயரில்; பதின்பருவம் தாண்டாத அவன் பொலார்டின் உறவுக்காரப் பையன். அந்தக் குலுக்கல் ஒழுங்காக நடந்தது என்றே பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

கலிபோர்னியாவை நோக்கிச் சென்று 1846-47 குளிர்காலத்தில் சியரா நெவாடா பனியில் சிக்கிய டானர் குழுவின் கதையில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. உதவி தேடிப் பனிச்செருப்பு அணிந்து கிளம்பிய பதினேழு பேரில், உணவு கொண்டுவந்து கொடுத்து வழிகாட்டியாக இருந்த லூயிஸ், சால்வடோர் என்ற இரு மிவோக் பழங்குடி இளைஞர்களும் அடக்கம். மற்றவர்கள் இறந்தவர்களை உண்ணத் தொடங்கியபோது இவர்கள் இருவரும் உண்ண மறுத்தார்கள். தங்களையே கொல்லப் பேச்சு நடக்கிறது என்று அறிந்ததும் ஓடிப்போனார்கள். சில நாள் கழித்து அதே கூட்டம் அவர்கள் களைத்துக் கிடந்ததைக் கண்டது. சுட்டுக் கொன்றது. டானர் குழுவில் இறைச்சிக்காகவே கொல்லப்பட்டவர்கள் அந்த இருவர்தாம். யாரும் தண்டிக்கப்படவில்லை.

எடுபிடிப் பையன், கறுப்பின மாலுமி, பழங்குடி வழிகாட்டி. பசி எல்லோருக்கும் பொது. அந்தப் பசியின் கணக்கில் முதலில் கழிக்கப்பட்டவர்கள், கரையிலும் கணக்கில் கடைசியாக வைக்கப்பட்டவர்கள்.

இந்திய மரபும் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் ஆபத்தர்மம் பேசும் பகுதியில், பெரும் பஞ்சத்தில் விசுவாமித்திரர் சண்டாளர் ஒருவரின் குடிசையில் நாய் இறைச்சியைத் திருடுகிறார். உயிர் இருந்தால்தான் தர்மத்தைச் செய்ய முடியும் என்பது அவர் வாதம். மணிமேகலையிலும் அமுதசுரபி கைக்கு வரும் இடத்தில் தீவதிலகை இதே கதையைச் சொல்கிறாள். மனு இன்னும் ஒருபடி மேலே போய், பசியின் பொருட்டுத் தன் மகனையே கொல்ல முன்வந்த அஜீகர்த்தனைப் பாவம் ஒட்டவில்லை என்கிறார். அந்த மகன் சுனச்சேபன். ஐதரேய பிராமணத்தின்படி, மூத்தவனைத் தகப்பன் விட்டுத்தர மறுக்க, இளையவனைத் தாய் அணைத்துக்கொள்ள, யாருக்கும் வேண்டாத நடுப்பிள்ளை பலிக்கம்பத்துக்குப் போனான். அங்கும் சீட்டு யாருக்கு விழும் என்பது முன்பே தெரிந்திருந்தது.

பசி என்ன செய்கிறது?

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியில் வாடும் ஐரோப்பாவுக்கு உணவு தருவது எப்படி என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைப் பட்டினி. உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு போயிற்று. நாளெல்லாம் சாப்பாட்டு நினைவு, சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். நகைச்சுவை, காமம், நட்பு எல்லாம் வற்றிப்போயின. எரிச்சலும் சோர்வும் தனிமை நாட்டமும் மிஞ்சின.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது, பசி மனிதரை வெறிகொண்டு பாயும் விலங்காக்கவில்லை என்பது. மந்தமாக்குகிறது, உள்ளுக்குள் ஒடுக்குகிறது. ஆகவே பசி வெறியில் அறிவிழந்து தின்றார்கள் என்ற வழக்கமான விளக்கம் பெரும்பாலான நிகழ்வுகளுக்குப் பொருந்துவதில்லை. டட்லி பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்.

லெனின்கிராட் முற்றுகையின் பதிவுகளும் இதையே சொல்கின்றன. 1941 நவம்பரில் வேலையில் இல்லாதோருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைய ரொட்டிப் பங்கு 125 கிராமாகச் சுருங்கியது. அந்த ரொட்டியிலும் மாவு பாதிதான். சோவியத் ஆட்சி முடிந்த பிறகு வெளிவந்த ஆவணங்களின்படி, 1942 பிப்ரவரி நடுப்பகுதிவரை மனித இறைச்சி உண்டதாகக் கைதான 886 பேரில் 564 பேர் பெண்கள். முன்பு குற்றத் தண்டனை பெற்றிருந்தவர்கள் வெறும் 18 பேர். பலர் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், நகரில் துணையற்றவர்கள். அரசுக்கும் இதற்கென்று தனிச் சட்டப்பிரிவு இல்லை. கொள்ளைக் குற்றப் பிரிவில் வழக்குப் போட்டார்கள். ஆனால் பிணத்திலிருந்து வெட்டி எடுத்தவரையும், உண்பதற்காகக் கொலை செய்தவரையும் காவல்துறை தனித்தனியாகப் பிரித்தே எழுதிவைத்தது. ஸ்டாலினின் போலீசும் விக்டோரியா அரசியின் நீதிபதியும் ஒரே இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறார்கள்.

அருவருப்பைத் தாண்டுவது

அருவருப்பை ஆராய்ந்த உளவியலாளர் பால் ரோசின், கிருமிநீக்கம் செய்யப்பட்ட கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துக் குடிக்கச் சொன்னார். ஆபத்து துளியும் இல்லை என்று தெரிந்தும் பங்கேற்றவர்கள் தயங்கினார்கள். அருவருப்பு உடலைக் காக்கும் எச்சரிக்கை மட்டுமாக இருந்திருந்தால் தயக்கம் வந்திருக்காது. பொருளின் அர்த்தமே உமட்டுகிறது. மேற்கு பிரேசிலின் வாரி பழங்குடியினர் 1960கள் வரை இறந்த உறவினரின் உடலை ஈமச்சடங்கில் உண்டார்கள். வெளியார் அதை நிறுத்திவிட்டுப் புதைக்கச் சொன்னபோது, அன்புக்குரியவரை ஈரமண்ணில் தனியே கிடத்துவதுதான் அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்று மானிடவியலாளர் பெத் கான்க்ளின் எழுதியிருக்கிறார். அர்த்தத்தால் வருவதை அர்த்தத்தால் மாற்ற முடியும். ஆண்டீஸ் மலையில் நடந்தது அதுதான்.

1972 அக்டோபர் 13. உருகுவே விமானப்படையின் விமானம் ஒன்று, ஒரு ரக்பி அணியையும் அவர்களுடைய உறவினர், நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு சிலிக்குப் போகும் வழியில், சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் விழுந்தது. உள்ளே 45 பேர். முதல் இரவு முடிவதற்குள் 17 பேர் இறந்துவிட்டார்கள். கொஞ்சம் சாக்லேட்டும் மதுவும் தீர்ந்த பிறகு, உடைந்த விமானத்துக்குள் உட்கார்ந்து பேசினார்கள். பத்தொன்பது வயது மருத்துவ மாணவர் ராபர்ட்டோ கனெஸ்ஸா, புரதமின்றி உடல் தன்னையே தின்னத் தொடங்கிவிட்டது என்று விளக்கினார். ஒருவருக்கு ஒருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்: நான் இறந்தால் என் உடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்மா பிரிந்த பின் மிஞ்சுவது சதைதான் என்றார்கள். ஏசுவின் உடலை உட்கொள்ளும் நற்கருணையோடு ஒப்பிட்டார்கள். சிலர் பல நாள் மறுத்தார்கள், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு ஓர் ஒழுங்கு உருவானது. வெட்டும் வேலையை உறவினர்களான மூவர் ஏற்றுக்கொண்டு, எது யாருடைய உடல் என்று மற்றவர்க்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். விபத்தில் தாயையும் தங்கையையும் இழந்த நந்தோ பராடோவின் வேண்டுகோளுக்கு இணங்கி அந்த இரு உடல்களையும் தொடவில்லை. தனிமனிதக் குற்றவுணர்வைக் கூட்டாகப் பங்கு போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. அக்டோபர் 29இல் பனிச்சரிவு மேலும் எட்டுப் பேரைக் கொன்றது. டிசம்பரில் பராடோவும் கனெஸ்ஸாவும் பத்து நாள் நடந்து மலையைக் கடந்து, சிலி நாட்டுக் கால்நடை மேய்ப்பர் ஒருவரைக் கண்டார்கள். 72 நாட்களுக்குப் பின் பிழைத்தவர்கள் 16 பேர்.

முதலில் மறைத்தார்கள், குடும்பங்களுக்கே முதலில் சொல்ல விரும்பினார்கள். படங்கள் கசிந்தபின் டிசம்பர் 28 அன்று மாண்டிவீடியோவில் தாங்கள் படித்த பள்ளியில் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அதைப் பாவம் என்று கருதவில்லை; நற்கருணை ஒப்பீட்டை மட்டும் இறையியலாளர்கள் ஏற்கவில்லை. இறந்தோரில் ஒருவரின் தந்தை, தாமே மருத்துவரான அவர், விமானத்தில் 45 பேர் இருந்ததால்தான் 16 பேர் வீடு திரும்ப முடிந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஆண்டீஸ் உடன்படிக்கையிலும் ஓர் இடைவெளி உண்டு. வாக்குக் கொடுத்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள். முதலில் உணவான உடல்களுக்கு உரியவர்கள் எந்த வாக்கும் தராமல் இறந்தவர்கள். அவர்கள் சார்பில் சம்மதித்தது நண்பர்களின் மனசாட்சி. பின்னர் பெற்றோரின் பெருந்தன்மை. ஆனால் யாரும் கொல்லப்படவில்லை. உண்டவர்கள் தங்கள் உடலையும் அதே விதிக்கு முன்கூட்டியே ஒப்புக்கொடுத்திருந்தார்கள்.

பிழைத்தவர்களின் பிற்கால வாழ்வில் இந்த வேறுபாடு தெரிகிறது. ஆண்டீஸ்காரர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். கனெஸ்ஸா குழந்தைகளுக்கான இதயநோய் மருத்துவர் ஆனார். எஸ்ஸெக்ஸ் கேப்டன் பொலார்ட் நான்டக்கெட் ஊரின் இரவுக் காவலராகி, ஒவ்வொரு நவம்பர் 20 அன்றும் உண்ணாநோன்பு இருந்தார் என்று ஊரார் சொல்வார்கள். ஓவன் காஃபினின் தாயால் அவரை நேரில் பார்க்கவே தாளவில்லை. துணைக் கேப்டனாக இருந்த ஓவன் சேஸ் முதுமையில் பரணில் உணவை ஒளித்துவைத்தார்.

சமூகம் கேட்க விரும்புவது

கேட்பவர்களின் உளவியலும் இதில் சேர்த்தி. வடமேற்குக் கடல்வழி தேடி 1845இல் ஆர்க்டிக்குக்குச் சென்ற ஜான் ஃபிராங்க்ளினின் 129 பேரும் மறைந்தார்கள். 1854இல் ஜான் ரே, இனூயிட் மக்களிடம் கேட்டறிந்ததை அறிவித்தார்: கடைசி மாலுமிகள் தங்கள் தோழர்களை உண்டிருக்கிறார்கள். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் இதழில் ஆங்கில மாலுமிகள் அப்படிச் செய்யவே மாட்டார்கள் என்று வாதாடி, இனூயிட்கள் மீதே சந்தேகத்தைத் திருப்பினார். 1990களில் கிங் வில்லியம் தீவின் எலும்புகளில் கத்தித் தடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2024இல் அத்தகைய தடம் பதிந்த ஒரு தாடையெலும்பு, மரபணுச் சோதனையில், எரிபஸ் கப்பலின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று தெரியவந்தது. அங்கே பதவி யாருக்கும் கவசமாக இருக்கவில்லை. இனூயிட்கள் சொன்னது 140 ஆண்டுகள் நம்பப்படாமல் கிடந்தது.

சட்டத்தின் விவாதமும் முடியவில்லை. 2000இல் உடல் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரிக்க இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தபோது, ஒரு குழந்தை இறப்பது உறுதி என்று தெரிந்தே டட்லி வழக்கிலிருந்து விலகியது. இங்கே பலியை மனிதர் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, இயற்கையே அந்தக் குழந்தையைக் குறித்துவிட்டது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் டட்லி வழக்கு தண்டனைச் சட்டத்தின், தேவை பற்றிய 81ஆம் பிரிவோடு சேர்த்துப் படிக்கப்பட்டது. பாரதீய நியாய சன்ஹிதாவில் அது இப்போது 19ஆம் பிரிவு.

அதே வகுப்புகளில் பேசப்படும் ஒரு கற்பனை வழக்கும் உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் லான் ஃபுல்லர் 1949இல் எழுதியது அது. குகையில் சிக்கிய ஐவரில், ஒருவரைப் பலிகொடுக்கப் பகடை உருட்டலாம் என்று முதலில் சொல்லும் விட்மோர், கடைசி நேரத்தில் மனம் மாறி, இன்னும் ஒரு வாரம் பொறுப்போம் என்கிறார். மற்ற நால்வரும் அவருக்காகவும் சேர்த்து உருட்டுகிறார்கள். அவர் பெயரிலேயே விழுகிறது. நால்வர் மீதும் கொலைக் குற்றம் சாட்டப்படுகிறது. உண்டது குற்றப்பத்திரிகையில் இல்லை. ஃபுல்லரின் ஐந்து நீதிபதிகளில் இருவர் தண்டனையை உறுதி செய்கிறார்கள், இருவர் விடுவிக்கச் சொல்கிறார்கள், ஒருவர் முடிவெடுக்க முடியாமல் விலகிக்கொள்கிறார். வாக்குகள் சமமாகிவிடுவதால் கீழ்நீதிமன்றம் விதித்த மரண தண்டனை அப்படியே நிற்கிறது.